எனக்கும் விசில் ஊதுங்கள்

எங்கள் ஊர்க் கோடைக் கூடைப்பந்துப் போட்டியின் விழாக்குழு அண்ணன்மார்களுக்கும், நடுவர்களுக்கும், மைக் பிடித்த தம்பிக்கும்,

வணக்கம்.

நீங்கள் கொடுத்த கேடயம் மூன்று வாரமாக எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. 'சிறந்த குடும்ப அணி' என்று தங்க நிறத்தில் எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடடே, ஜெயிச்சுட்டீங்களா?" என்கிறார்கள். "இல்லைங்க, முதல் மேட்ச்லயே தோத்துட்டோம்" என்றால் கையில் இருப்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். குடும்பமாக வந்த அணியே நாங்கள் ஒன்றுதான். ஒரே ஓர் அணி இருக்கிற இடத்தில் 'சிறந்த' என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று என் மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. ஆடிய ஆறு பேரும் அப்பாவும் உட்கார்ந்து பேசி, ஐந்துக்கு இரண்டு என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தோம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் என் கணவரும் ஒருவர். விளையாட்டுக்கென்று அவர் வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு அது, பாவம்.

ஏன் என்று சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனால் திமிர் என்று நினைப்பீர்கள். அதனால்தான் இந்த மடல்.

எங்கள் அணி எப்படிச் சேர்ந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு 43 வயது, கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை. பள்ளியில் படித்தபோது மாவட்ட அணி வரைக்கும் ஆடியிருக்கிறேன். கல்யாணத்தோடு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, ஆடு என்றும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தம்பிக்கு 39. அவன் கல்லூரி வரை ஆடிவிட்டு, அப்புறம் வயிற்றை வளர்த்தவன். அவன் மகளுக்கு 17. எங்கள் ஆறு பேரில் உருப்படியாக ஆடத் தெரிந்தவள் அவள்தான். என் மகனுக்கு 16. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் சித்தப்பா மகன் போட்டிக்காக லீவு போட்டு வந்தான். ஆறாவது ஆள் என் கணவர். மார்ச் மாதம் வரை கூடைப்பந்தைக் கையில் தொடாதவர்.

பயிற்சி எல்லாம் பழைய பள்ளி மைதானத்தில். அங்கே இருக்கிற ஒரு போர்டில் ரிங் முன்பக்கம் தொங்கிவிட்டது, வலை கிடையாது. வலை இல்லாத ரிங்கில் பந்து உள்ளே போனதா, பக்கத்தில் போனதா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் சிமெண்ட் தரை சுட ஆரம்பித்துவிடும், எனக்கும் அடுப்படி காத்திருக்கும். நான் ஒரு நாளைக்கு ஐம்பது ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடும் பந்து, போட்டேன். முதல் வாரம் பத்துகூட விழவில்லை. பந்தை வாங்கும்போது வலது கை நடுவிரல் பிசகி, ஒரு வாரம் கடன் ரசீதில் இடது கையால் சீல் குத்தினேன். மகன் என்னைத் திட்டுவான். "அம்மா, பந்தைப் பார்க்காம ரிங்கைப் பாரு, எத்தனை தடவ சொல்றது?" அவனை வீட்டுப்பாடம் எழுத வைக்க நான் என்ன குரலில் கத்தினேனோ அதே குரல். வீட்டில் அப்படிப் பேசியிருந்தால் விஷயமே வேறு. மைதானத்தில் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் அவன் சொன்னது சரி.

எங்கள் கோச் அப்பா. 70 வயது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த பி.டி. வாத்தியார் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920-இல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. அங்கே படித்துவிட்டு ஊர் ஊராகப் போன வாத்தியார்கள் பந்தோடு விதிப் புத்தகத்தையும் கொண்டுபோனார்கள் என்பார் அப்பா. அவர் தலைமாட்டில் இன்றைக்கும் ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது. அட்டை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியது. அதன் பிறகு விதிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. மாறியதையெல்லாம் பேத்தியைச் செல்போனில் பார்க்கச் சொல்லி ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்கிறார்.

மே மாதம் வந்தால் அப்பா எங்களைப் பெரியகுளத்துக்குக் கூட்டிப்போவார். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் அங்கே கேலரியில் வளர்ந்தவர்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஐ.ஓ.பி. (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) ஆட்டக்காரர்களையும் கடற்படைக்காரர்களையும் நாங்கள் அங்கேதான் பார்த்தோம். தம்பி மடியிலேயே தூங்கிவிடுவான். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்திருப்பேன். ஒருமுறை கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, மூவரும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அப்பா ராத்திரி முழுக்க அந்த ஆட்டத்தைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா மூன்று பேரோடும் பேசவில்லை. எங்கள் குடும்பத்துக்கு இந்த விளையாட்டு என்றால் என்ன என்பதற்காக இதைச் சொல்கிறேன். பொழுதுபோகாமல் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இல்லை நாங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்டத்தைப் பிற்பகல் மூன்றரைக்குப் போட்டிருந்தீர்கள். கத்தரி வெயில். மற்ற எல்லா ஆட்டமும் மாலை ஆறுக்கு மேல், விளக்கில். கேட்டதற்கு, "உங்களுக்கு எப்ப வெச்சா என்னம்மா, ஜாலியாத்தானே ஆடப்போறீங்க" என்றார் உங்களில் ஒருவர். அப்போதே எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பந்தைத் தரையில் தட்டினால் சூடான தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கை எரிந்தது. போகட்டும். வெயில் எதிரணிக்கும் அதே வெயில்தானே.

எதிரணி கல்லூரிப் பையன்கள். முதல் பாதியில் அவர்கள் எங்களை அடித்துத் துவைத்தார்கள். முழு மைதானமும் பிரஸ் போட்டார்கள், அதாவது போகிற இடமெல்லாம் ஒட்டி நின்று நெருக்கினார்கள், எங்களால் பாதிக் கோட்டைத் தாண்டவே முடியவில்லை. அந்தக் கோட்டைத் தாண்ட விதி தரும் எட்டு நொடி முடிந்து பந்து கைமாறிப் போனது மூன்று முறை. என்னை மறித்து ஆடியவன் 12-ஆம் எண் பையன். ஒல்லி, நல்ல உயரம், கை மட்டும் முழங்காலைத் தொடும் நீளம். நான் போட்ட முதல் பந்தை அப்படியே அறைந்து பார்வையாளர் பக்கம் அனுப்பினான். ஜனங்கள் கைதட்டினார்கள். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த பந்துக்கு இடம் பிடிக்க ஓடிவிட்டான். அந்தக் கணத்தில் எனக்குள் வந்தது அவமானம் இல்லை, சந்தோஷம். இருபத்து மூன்று வருஷம் கழித்து ஒருவன் என் பந்தைத் தடுக்க வேண்டிய பந்தாக நினைத்திருக்கிறான்!

இரண்டாவது கால்பகுதியில் ஒருமுறை அவனை ஏமாற்றினேன். வலதுபக்கம் போவதாகத் தோளைக் காட்டி, இடதுபக்கம் ஒரு தட்டு தட்டி, போர்டில் பட்டு உள்ளே. நாற்பது நாளாக மகன் என்னை வறுத்தெடுத்துச் சொல்லித்தந்த அதே நகர்வு. எங்கள் புள்ளி ஆறிலிருந்து எட்டானது. 12-ஆம் எண் பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்த முறை நான் தோளைக் காட்டியபோது அவன் அசையவே இல்லை.

பாதி ஆட்டம் முடிந்தபோது 33-12. நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம், அழகாக.

அப்புறம்தான் அது நடந்தது. இடைவேளையில் உங்களில் ஒரு பெரியவர் எதிரணி பெஞ்சுக்குப் போனதை நான் பார்த்தேன். அவர் பேசியது எங்கள் பெஞ்சு வரை கேட்டது. "குடும்பம்ப்பா. பொம்பளப் புள்ளைங்க, வயசானவங்க எல்லாம் இருக்காங்க. பாத்து ஆடுங்க." நல்ல மனதோடு சொன்னார், தெரியும். ஆனால் மூன்றாவது கால்பகுதி தொடங்கியதும் மைதானத்தில் வேறு ஏதோ நடந்தது. பிரஸ் இல்லை. நான் பந்தை வாங்கினால் 12-ஆம் எண் பையன் இரண்டு கை தூரம் தள்ளி நின்று கையைத் தொங்கப்போட்டிருந்தான். நான் போட்டேன், விழுந்தது. திரும்பப் போட்டேன், விழுந்தது. மைக்கில், "அம்மா கலக்குறாங்க! இன்னைக்கு வீட்ல சாப்பாடு ஹோட்டல்லதான் போல!" என்று சத்தம். கைதட்டல்.

பந்தைத் தரையில் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நான் முழுசாக நாலு எட்டு நடந்தேன். டிராவல். அந்த மைதானத்தில் சுண்டல் விற்ற பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நடுவர் வாயில் விசில் இருந்தது, ஊதவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அதே கால்பகுதியில் ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, எகிறும்போது என் முழங்கை ஒரு பையன் மூக்கில் இடித்தது. நல்ல இடி. அதற்கும் விசில் இல்லை. அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "பரவால்லக்கா" என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்களில் சிலரிடம் பிறகு பேசியபோது எல்லாரும் சொன்னது ஒரே பதில்: "யாருக்கும் அடிபட்டுடக் கூடாதுன்னுதான்." அண்ணன்மார்களே, அந்த மைதானத்தில் அன்றைக்கு இடி வாங்கியது யார்? அந்தப் பையன். இடித்தது யார்? நான். விசில் ஊதாததால்தான் இடித்தேன். முதல் பாதியில் தம்பி மேல் மூன்று ஃபவுல் சரியாக ஊதினீர்கள், அதனால் அவன் கையை அடக்கிக்கொண்டு ஆடினான். எனக்கு ஊதாமல் விட்டதால், என் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போனது. ஃபவுல் விதியே ஆளைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. பலவீனமானவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று அதையே எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது சிமெண்ட் தரையில் பத்துப் பேர் ஓடுவது மட்டும்தான்.

சரி, மேலே கேளுங்கள். சித்தப்பா மகன் முதல் பாதி முடியும்போதே கெண்டைக்கால் இழுத்து உட்கார்ந்துவிட்டான். அவன் இடத்தில் என் கணவர் இறங்கினார். பந்து அவரிடம் வந்தால் உடனே யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு அப்பா சொல்லிக்கொடுத்த உத்தி. கடைசிக் கால்பகுதியில் ஆறு நிமிடம் இருக்கும்போது தம்பிக்கு ஐந்தாவது ஃபவுல். வெளியே. நாங்கள் நான்கு பேர். உங்கள் பெரியவர் மறுபடி வந்தார். "போதும்மா, நாலு பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க, நல்லாத்தான் ஆடுனீங்க, முடிச்சுக்கலாம்." அப்பா எழுந்து நின்றார். ஆட்டம் தொடங்கத்தான் ஐந்து பேர் வேண்டும், நடுவில் ஆள் குறைந்தால் இரண்டு பேர் இருக்கும் வரை ஆடலாம், ஒருவர் ஆனால்தான் தோல்வி என்று சொன்னார். புத்தகத்தை எடுக்கக்கூட இல்லை. பெரியவருக்கு முகம் சுருங்கியது, ஆனால் ஒப்புக்கொண்டார். அதற்கு என் நன்றி.

அதற்கப்புறம் எதிரணி என்ன செய்தது தெரியுமா? தாங்களாகவே ஓர் ஆளை வெளியே அனுப்பி நான்கு பேரானார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெளியே அனுப்பியது யாரை? 12-ஆம் எண்ணை. அவன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் மூன்று மாதம் பயிற்சி எடுத்தது எங்களுக்குக் கருணை காட்டுவதற்காகவா?

ஆட்டம் 49-33 என்று முடிந்தது. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்தால் 21-16. நாங்கள்தான் அதிகம். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் ஒருவரும் பேசவில்லை. தம்பி மகள் மட்டும், "அத்தை, எனக்கு ஏதோ திருடின மாதிரி இருக்கு" என்றாள்.

எங்கள் வங்கியில் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். கவரிங் என்றால் திட்டமாட்டார், பேசாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த இரண்டாம் பாதியில் நான் எடுத்த ஆறு புள்ளிகளை எனக்கு அப்படித்தான் மடித்துத் தரத் தோன்றுகிறது.

பெண்கள் என்றால் ஆட்டத்தை மெதுவாக்க வேண்டும் என்ற நினைப்பு இந்த விளையாட்டுக்குப் புதிதில்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக் கூடையை ஆணியடித்து மாட்டிய கதை உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷமே பக்கத்து ஊரான நார்தாம்ப்டனில், ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை இதைக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் களைத்துவிடக் கூடாது, முரட்டுத்தனம் வந்துவிடக் கூடாது என்று மைதானத்தை மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியை விட்டு ஒருத்தி நகரக் கூடாது. அடுத்தவள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கவும் கூடாது. அந்தக் காலத்தில், இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்சட்டையும் நீளப் பாவாடையும் போட்ட பெண்களை ஆடவிட்டதே பெரிய காரியம். அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சலுகை எவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதைப் பாருங்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பள்ளிகளில் பெண்கள் பாதி மைதானத்தைத் தாண்டாமல் ஆடும் ஆறு பேர் ஆட்டம் 1993 வரைக்கும் நடந்தது! இரக்கத்துக்கென்று கொண்டுவந்த விதியை எடுக்க ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. நான் பள்ளியில் முழு மைதானமும் ஓடி ஆட ஆரம்பித்த காலம் ஏறக்குறைய அதுதான் என்று நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது.

குடும்பம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஸ்பிரிங்ஃபீல்டில் முதன்முதலில் கூடைப்பந்து ஆடிய பெண்களில் மாட் ஷெர்மன் என்று ஒருவர் இருந்தார். நெய்ஸ்மித் அவரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். ஆக, இது ஆரம்பத்திலிருந்தே வீட்டுக்குள்ளும் நடந்த விளையாட்டுத்தான். நம் நாட்டில் வாரணாசியின் சிங் சகோதரிகள் இல்லையா? பிரசாந்தி, திவ்யா, ஆகாங்ஷா, பிரதிமா என்று நால்வர் இந்தியாவுக்கு ஆடினார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதற்காக அவர்களை யாரும் தள்ளி நின்று மறித்திருக்க மாட்டார்கள்.

மைக் தம்பிக்குத் தனியாக ஒன்று. என் சட்டையில் எண் இருந்தது, பதிவுத்தாளில் பெயர் இருந்தது. எதிரணிப் பையன்களை எண்ணும் பெயரும் சொல்லிக் கூப்பிட்டாய். எனக்கு மட்டும் 'அம்மா'. என் மகனுக்கு நான் அம்மாதான், ஆட்டத்தின்போது அவன்கூட என்னை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டான். நம் சென்னையின் அனிதா பால்துரை பதினெட்டு வருஷம் இந்தியாவுக்கு ஆடியவர். பிள்ளை பெற்ற பிறகும் திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இரண்டே புள்ளியில் வென்றார்கள். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் 'வீட்ல இன்னைக்குச் சாப்பாடு யார்?' என்று யாராவது மைக்கில் கேட்டிருப்பார்களா? என்னை அவரோடு ஒப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே தம்பி, எனக்கு ஃப்ரீ த்ரோவே பாதிதான் விழுகிறது. நீ நல்லாப் பேசுகிறாய், குரலும் நல்ல குரல். என் எண்ணைச் சொல், போதும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நாங்கள் இனி வரமாட்டோம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்தால் அது தப்பு. அடுத்த மே மாதமும் வருவோம். நான்கு விஷயம் கேட்டுக்கொள்கிறேன், ஒன்றிரண்டு குறைந்தாலும் சண்டை போட மாட்டேன்.

எங்களைக் குலுக்கலில் சேருங்கள். மூன்றரை மணி ஆட்டம் எங்கள் சீட்டில் விழுந்தால் மூன்றரைக்கே ஆடுகிறோம். விழாவிட்டால் விளக்கில் ஆடுகிறோம். விளக்கு வெளிச்சத்தில் ஆடிப்பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பெரியகுளம் கேலரியில் வந்த ஆசை. அதை வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

பெண்கள் உடை மாற்ற ஓர் அறை வேண்டும். இந்த முறை நானும் தம்பி மகளும் உங்கள் கோப்பைகள் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமில், கதவைப் பிடித்துக்கொள்ள அப்பாவை நிறுத்திவிட்டு மாற்றினோம். கழிப்பறைச் சாவி யாரிடம் இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இதில் பேச ஒன்றுமில்லை, செய்துவிடுங்கள்.

ஆண், பெண், சின்னவர், பெரியவர் கலந்து ஆட நீங்கள் உண்மையாகவே ஒரு வழி செய்ய விரும்பினால், அதற்கு இரக்கம் தேவையில்லை, மூன்று பேர் ஆட்டம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸிலேயே சேர்த்துவிட்டார்கள். பாதி மைதானம், ஒரே ஒரு ரிங். ஓர் அணிக்கு மூன்று பேர், ஒரு மாற்று ஆள். பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அவர்கள். 12 நொடிக்குள் பந்தைப் போட்டுவிட வேண்டும். வளைவுக்கு உள்ளேயிருந்து போட்டால் ஒரு புள்ளி, வெளியேயிருந்து இரண்டு. இதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பந்துதான். சுற்றளவு பெண்கள் ஆடும் 6-ஆம் எண் பந்துக்குரியது, எடை ஆண்கள் ஆடும் 7-ஆம் எண்ணுக்குரியது. எல்லாருக்கும் ஒரே விதி. நான்கு பேர் தேற்றுவது எந்த வீட்டுக்கும் கஷ்டமில்லை. ஒரு மாலையில் எத்தனையோ ஆட்டம் முடிக்கலாம். நம் ஊரில் எத்தனை வீடு வரும் என்று பார்ப்போமே. என் கணக்குக்கு மார்க்கெட் பக்கத்திலிருந்தே நிச்சயம் இரண்டு வீடு வரும். அந்த அண்ணன் தம்பிகள் பந்து ஆடுவதைவிட அதிகமாகச் சண்டைதான் போடுவார்கள், அது வேறு விஷயம். இது ஐந்து பேர் ஆட்டத்துக்குப் பதிலாக வேண்டாம், கூடுதலாக இருக்கட்டும். ஐந்து பேர் ஆட்டத்தில் நாங்கள் 7-ஆம் எண் பந்திலேயே ஆடுகிறோம். எனக்குக் கைக்கு அடங்காமல் போகிறது, உண்மைதான். அது என் பிரச்சினை.

நான்காவதுதான் முக்கியம். விசில். டிராவல் என்றால் ஊதுங்கள். முழங்கை பட்டால் ஊதுங்கள். ஐந்து ஃபவுல் ஆனால் என்னையும் வெளியே அனுப்புங்கள். நாற்பது புள்ளியில் தோற்றால் பலகையில் நாற்பது என்றே போடுங்கள். இடைவேளையில் யாரும் எதிரணிப் பெஞ்சுக்குப் போக வேண்டாம். போயே தீர வேண்டும் என்றால், அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுங்கள்.

12-ஆம் எண் தம்பிக்கு யாராவது ஒரு செய்தி சொல்ல முடியுமா? அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதல் பாதியில் என் பந்தை அறைந்தானே, அதற்கு நன்றி என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் வலதுபக்கம் தோள் காட்ட மாட்டேன், வேறு ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மகன் கேடயத்தைக் கொண்டுவந்து கொடுப்பான். கூடவே அடுத்த ஆண்டு நுழைவுக் கட்டணமும் முன்பணமாகக் கொடுத்துவிடுவான். ரசீது போடும்போது அணியின் பெயர் இடத்தில் 'குடும்பம்' என்று எழுத வேண்டாம். பதிவுத்தாளில் நாங்கள் எழுதிக்கொடுத்த பெயர் எங்கள் தெருவின் பெயர். அதையே எழுதுங்கள். கேடயத்தை என்ன செய்வது என்று யோசித்தால், அன்றைக்கு மைதானத்துக்குத் தண்ணீர் அடித்து, கோடு போட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு நாற்காலி அடுக்கிய அந்த இரண்டு பேருக்குக் கொடுக்கலாம். எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு.

என்றும் அன்புடன்,
14-ஆம் எண்

பி.கு.: ஸ்கோர் ஷீட்டை என் கணவர் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். அதில் இரண்டாவது கால்பகுதியில் எங்கள் அணியின் 8 என்ற புள்ளியின் மேல் சாய்கோடு போட்டு, பக்கத்தில் 4 என்று எழுதியிருக்கிறது. 4 என் மகனின் எண். அந்தப் பந்தைப் போட்டது 14. மேஜையில் இருந்தவர் அவசரத்தில் 14-இல் உள்ள 1-ஐ விட்டிருப்பார், தப்பில்லை. மகனும் ஒப்புக்கொள்கிறான். தயவுசெய்து திருத்திவிடுங்கள். மூன்றாவது கால்பகுதியில் எனக்கென்று குறித்திருக்கும் ஆறு புள்ளிகளை என்ன செய்தாலும் சம்மதம்.